கூடிப் பார்த்தோம், கூடிப் பேசுவோம்

"கல்விச் சங்கத்துக்குச் சினிமா எதற்கு?"

மாதம் ஒருமுறை திரைப்படத்தையோ தொலைக்காட்சி நிகழ்ச்சியையோ எடுத்துக்கொண்டு, அதைப் பற்றிக் கூடிப் பேசும் கூட்டம் ஒன்றை நடத்தலாம் என்ற கருத்து நம் சங்கத்தில் முதன்முதலாக எழுந்தபோது, பெரியவர் ஒருவர் கேட்ட கேள்வி இது. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. இராப்பள்ளி நடத்துவதும், பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கித் தருவதும், விடுதியில் இடம் கிடைக்க அலைவதும் நம் சங்கத்தின் பணிகள். கூலிக் காசில் ஒரு பகுதியைக் கொட்டகைக்குக் கொடுத்துவிட்டு, நடிகர்களின் பெயரால் மன்றம் வைத்துச் சண்டையிட்டு வீணான இளைஞர்களை அவர் தம் வாழ்நாளில் நிறையக் கண்டிருந்தார். ஆகவே அவருடைய கேள்வியைப் புறந்தள்ளாமல், வரலாற்றிலிருந்தே விடை காண முயல்வோம். இக்கட்டுரையின் நோக்கம் அதுவே.

கொட்டகைக்குள் நுழைந்த கதை

இசையும் கூத்தும் நம் மக்களுக்குப் புதியவை அல்ல. பறையும் தப்பும் கூத்தும் நம் கைகளிலும் கால்களிலும் வளர்ந்தவை. ஆயினும் கலை நிகழும் இடத்தில் நமக்கென்று ஒதுக்கப்பட்ட இடம் வேறாகவே இருந்தது. கோயிலுக்கு வெளியே நின்று பறையடித்தவன், உள்ளே நிகழ்ந்த இசையைக் கேட்கும் உரிமை அற்றவனாக இருந்தான்.

இந்நிலையில், 1905ஆம் ஆண்டு கோயம்புத்தூரைச் சேர்ந்த சாமிக்கண்ணு வின்சென்ட், திருச்சிராப்பள்ளியில் இரயில்வே ஊழியராக இருந்தபோது, டூபான்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியை விலைக்கு வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டத் தொடங்கினார். அவர் வழியே டூரிங் கொட்டகைகள் பெருகின. கொட்டகையில் தரை, பெஞ்சு, நாற்காலி என்ற பிரிவுகள் இருந்தன. அப்பிரிவுகளுக்கு அடிப்படை சீட்டின் விலை. தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து கலை நிகழ்ச்சி ஒன்றைக் கண்ட முதல் இடம் சினிமாக் கொட்டகையே என்றும், அங்கே இருக்கையைத் தீர்மானித்தது பிறப்பு அன்று, வாங்கும் சக்தியே என்றும் பேராசிரியர் கா. சிவத்தம்பி 1981இல் வெளிவந்த தம் ஆய்வில் எடுத்துக்காட்டினார். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நம்மவர் நுழைந்தது 1939ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில். அதற்கு முப்பதாண்டுகளுக்கு முன்பே கூடாரங்கள் ஊர்களைச் சுற்றி வரத் தொடங்கிவிட்டன என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

எல்லா ஊரிலும் எல்லாக் கொட்டகையும் நம்மை மனமுவந்து வரவேற்றன என்று எவரும் எண்ண வேண்டா. அண்ணல் அம்பேத்கர் தலைமையில் வரைவு செய்யப்பட்ட அரசியலமைப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். கடைகள், உணவகங்கள், விடுதிகள் ஆகியவற்றோடு பொதுக் கேளிக்கை இடங்களிலும் சாதியின் பெயரால் எவரையும் தடுக்கக் கூடாது என்று அது கூறுகிறது. தடை இருந்த இடத்தில்தானே தடையை நீக்கும் சட்டம் பிறக்கும்? 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் அத்தகைய தடையைத் தண்டனைக்குரியது ஆக்கியது. 1976இல் அச்சட்டமே குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாற்றம் பெற்றது. எனவே கொட்டகையில் நாம் உட்காரும் இடம் சட்டத்தால் உறுதி செய்யப்பட்ட உரிமை.

ஆயினும் அவ்வுரிமைக்கு ஓர் எல்லை இருந்தது. விளக்கு அணைந்ததும் கூடிப் பார்த்தோம். விளக்கு எரிந்ததும் அவரவர் தெருவுக்குப் பிரிந்தோம். பார்த்ததைப் பற்றி எழுதவும் பேசவும் தீர்ப்புச் சொல்லவும் உரியவர்களாக வேறு சிலரே இருந்தனர்.

திரையில் நாம் கண்ட நம் உருவம்

நாம் பேசாதிருந்த காலத்தில் திரை நம்மைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தது. நந்தனார் கதையை எடுத்துக்கொள்வோம். 1935இல் கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்த படம் வந்தது; அதற்கு அவர் ஒரு லட்சம் ரூபாய் பெற்றார் என்பது அந்நாளைய பெரும் பேச்சு. 1942இல் ஜெமினி நிறுவனத்தார் தண்டபாணி தேசிகரை நடிக்கச் செய்து மீண்டும் எடுத்தனர். இப்படங்களைக் கண்ணீர் மல்கப் பார்த்த நம் பாட்டிமார் பலர்.

சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் பாடிய பெரிய புராணத்தில், ஆதனூர்த் திருநாளைப்போவார் கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் அளித்த தொண்டர். அவரைக் கொடுமைப்படுத்திய வேதியர் எவரும் அந்நூலில் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளில்தான் பண்ணைக்கார வேதியர் வருகிறார். தில்லைக்குச் செல்ல விடை கேட்கும் பண்ணையாளுக்கு, ஆகாத வேலையைக் கட்டளையிடுகிறார் அவர். இறைவன் அருளால் ஒரே இரவில் பயிர் விளைந்துவிடுகிறது. திரைப்படங்கள் இக்கதையையே பின்பற்றின.

இதில் இரண்டு செய்திகள் உள. வேதியரைச் சேர்த்ததால் பண்ணையடிமை முறை என்னும் உண்மை மேடைக்கும் திரைக்கும் வந்தது, அது நன்மை. ஆனால் பயிர் தானே விளைந்ததால், அந்த நிலம் யாருக்குரியது, உழைப்புக்குக் கூலி என்ன என்ற கேள்விகள் மறைந்துபோயின. இறுதியில் தீயில் இறங்கித் தூய்மை பெற வேண்டியவர் நந்தனாரே ஆகிறார். வாயிலை அடைத்தவர்கள் எந்தத் தீயிலும் இறங்கவில்லை. படத்தை மட்டும் பார்ப்பவர் அழுவார். புராணத்தையும் கீர்த்தனையையும் படத்தையும் அருகருகே வைத்துப் பேசுபவர் கதை எங்கே, எதற்காக மாறியது என்று கேட்பார். அப்படிக் கேட்கப் பழகுவது கல்வி அன்றி வேறென்ன?

1936இல் பம்பாய் டாக்கீஸார் எடுத்த 'அச்சுத் கன்யா' என்னும் இந்திப் படத்தில், பார்ப்பன இளைஞனை நேசித்த தீண்டத்தகாத பெண் முடிவில் இரயிலுக்கு இரையாகிறாள். 1959இல் பிமல் ராய் இயக்கிய 'சுஜாதா'வில், பார்ப்பனக் குடும்பத்தில் வளர்ந்த அநாதைப் பெண், வளர்ப்புத் தாய்க்குத் தன் இரத்தத்தைக் கொடுத்த பின்னரே மகளாக ஏற்கப்படுகிறாள். இரண்டும் நல்லெண்ணத்தோடு எடுக்கப்பட்ட படங்களே. இருப்பினும் தீயில் இறங்கினால் முக்தி, இரத்தம் கொடுத்தால் உறவு, உயிரைக் கொடுத்தால் இரக்கம் என்ற விலைப்பட்டியல் அவற்றில் ஒளிந்திருக்கிறது. மனிதனாகப் பிறந்தது மட்டும் போதாதா என்று கேட்கும் பாத்திரம் அவற்றில் இல்லை.

1956இல் வந்த 'மதுரை வீரன்' எம்.ஜி.ஆர். நடித்துப் பெரும் வெற்றி பெற்ற படம். அருந்ததிய மக்கள் தம் குலத்தவராகப் போற்றி வணங்கும் வீரன் அவன். மக்கள் வாய்மொழியில் அவன் பிறப்பைப் பற்றிப் பல கதைகள் உள்ளன. அரசன் பெற்று, காட்டில் விடப்பட்டு, எளியவர் வளர்த்த பிள்ளை என்ற கதையே திரைக்கு ஏற்றதாயிற்று. செருப்புத் தைக்கும் தம்பதியர் அவனை வளர்க்கலாம். பெறுதல் ஆகாது போலும்! வீரம் இரத்தத்தில் வருவது, அவ்விரத்தமும் அரண்மனையில்தான் ஊறும் என்ற எண்ணம், மக்களின் கைதட்டலுக்கு இடையே நம் சிறுவர் நெஞ்சிலும் இறங்கியது. நம்மவரே விரும்பிப் பார்த்த படத்தையும் நாம் ஆராய வேண்டும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

வெண்மணியும் கதைகளும்

1968ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் இரவு, அந்நாளைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்டுப் போராடிய விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த பெண்களும் குழந்தைகளும் முதியோருமாக 44 பேர் ஒரே குடிசையில் எரிக்கப்பட்டனர். குற்றம் சாட்டப்பட்ட நிலவுடைமையாளர்களை 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது.

இந்நிகழ்ச்சியை வைத்து இந்திரா பார்த்தசாரதி எழுதிய 'குருதிப்புனல்' 1977இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றது. அதைத் தழுவி ஸ்ரீதர் ராஜன் இயக்கிய 'கண் சிவந்தால் மண் சிவக்கும்' 1983இல் வெளிவந்தது. நாவல், நிலக்கிழாரின் ஆண்மைக் குறையைக் கொடுமைக்குரிய காரணங்களுள் ஒன்றாக ஆக்கிக் காட்டிற்று. கூலிக்காக நடந்த போராட்டம் ஒரு தனிமனிதனின் மனநோயாகச் சுருங்கிவிட்டது என்ற கண்டனம் அந்நாளிலேயே எழுந்தது. பின்னர் 2005இல் பாரதி கிருஷ்ணகுமார் எடுத்த 'ராமையாவின் குடிசை' என்னும் ஆவணப்படம் அம்மக்களையே பேச வைத்தது. கதைப்படத்தையும் ஆவணப்படத்தையும் அடுத்தடுத்த மாதங்களில் எடுத்துக்கொண்டு பேசினால், நடந்தது எது, சொல்லப்பட்டது எது, விடப்பட்டது எது என்பது இளைஞர்க்கு விளங்கும்.

தடை கேட்பதா, விடை சொல்வதா?

1987இல் தணிக்கைச் சான்று பெற்ற 'ஒரே ஒரு கிராமத்திலே' என்னும் தமிழ்ப் படம், சாதி அடிப்படையிலான இட ஒதுக்கீட்டைக் குறை கூறியது. பார்ப்பனப் பெண் ஒருத்தி பொய்ச் சாதிச் சான்றோடு ஆட்சிப் பணி அதிகாரி ஆவதாகக் கதை. எதிர்ப்பு மூண்டது. உயர் நீதிமன்றம் சான்றை நீக்கியது. ஆனால் 1989ஆம் ஆண்டு மார்ச்சு 30ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றி, படத்தைக் காட்டும் உரிமையை நிலைநாட்டியது. எதிர்ப்பு எழும் என்ற அச்சத்தால் ஒரு கருத்தை அடக்கலாகாது; கருத்து வெளியீட்டைக் காப்பது அரசின் கடமை என்பது அத்தீர்ப்பின் சாரம்.

நம் பிள்ளைகளின் படிப்பும் வேலையும் எந்த உரிமையால் வந்தனவோ அவ்வுரிமையைத் தாக்கிய படம் அது. கசப்பு இயல்பே. ஆயினும் தீர்ப்பிலிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்றுண்டு. படத்தைத் தடுக்க முடியாது என்றால் படத்துக்கு விடை சொல்லியாக வேண்டும். இட ஒதுக்கீடு ஏன் வந்தது, அதன் அடிப்படை வறுமையா, வழிவழி வந்த விலக்கலா என்ற கேள்விக்கு, பத்துப் பேர் நடுவே தயங்காமல் விடை கூறும் இளைஞர் நம்மிடையே எத்தனை பேர்? அலுவலகத்திலும் கல்லூரி விடுதியிலும் அக்கேள்வி அவர்களை எதிர்கொள்ளத்தான் போகிறது. விடை சொல்லிப் பழகும் களரி நமக்கு வேண்டும்.

கூடிப் பேசிய முன்னோடிகள்

அண்ணல் அம்பேத்கர் 1924ஆம் ஆண்டு ஜூலையில் பம்பாயில் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையை நிறுவியபோது, விடுதிகளோடு நூலகங்களும் சமுதாய நிலையங்களும் படிப்பு வட்டங்களும் அமைப்பதை அதன் நோக்கங்களுள் சேர்த்தார். பள்ளிக்கூடத்துக்கு வெளியே கூடிப் பேசுவதும் கல்வியே என்று அவர் நூறாண்டுகளுக்கு முன்பே கருதினார் என்பதற்கு இது சான்று.

1947இல் சத்யஜித் ராய், சிதானந்த தாஸ் குப்தா முதலியோர் கல்கத்தாவில் திரைப்படச் சங்கம் தொடங்கினர். சென்னையில் 1957இல் ஒரு சங்கம் தோன்றியது. 1959இல் நாடு தழுவிய கூட்டமைப்பும் அமைந்தது. இவை படத்தைக் கூர்ந்து பார்க்கக் கற்பித்தன. ஆனால் பெரும்பாலும் நகரத்துப் படித்தவர்களின் அவைகளாகவே விளங்கின.

கிராமத்தில் வேறொரு முயற்சி நடந்தது. 1956இல் அன்றைய பம்பாய் மாநிலத்து மராத்தி மாவட்டங்கள் ஐந்தில், சுமார் 150 ஊர்களில் வானொலி மன்றங்கள் அமைக்கப்பட்டன. ஊருக்கு ஒரு குழு கூடி நிகழ்ச்சியைக் கேட்டது. கேட்டதைப் பற்றிப் பேசியது. பேசியதில் ஆகக்கூடியதைச் செய்ய முயன்றது. 1959 செப்டம்பர் 15இல் தில்லியில் தொலைக்காட்சி தொடங்கியதும், யுனெஸ்கோ உதவியோடு தொலைக்காட்சி மன்றங்கள் இதே முறையில் நடந்தன. 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை, செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களின் சுமார் 2,400 ஊர்களுக்குப் பொதுத் தொலைக்காட்சிப் பெட்டி வைத்து நிகழ்ச்சிகள் காட்டப்பட்டன. பெட்டி யார் திண்ணையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே யார் பார்க்கலாம் என்பதும் அமையும் என்பதை நம் ஊர்களில் ஊராட்சிப் பெட்டிகள் வந்த காலத்தில் நாமே அறிந்தோம்.

பின்பு இல்லந்தோறும் பெட்டி வந்தது. 2006இல் தொடங்கிய தமிழக அரசின் இலவசத் திட்டம் குடிசைக்கும் வண்ணப் பெட்டியைக் கொண்டுவந்தது. இன்று கைப்பேசியில் அவரவர் தனியே பார்க்கிறோம். கொட்டகையில் கூடியிருந்து பேசாதிருந்தோம். இப்போது கூடுவதும் நின்றுவிட்டது. ஆகவேதான் மாதம் ஒரு நாளேனும் வேண்டும் என்கிறோம்.

நம்மவர் எடுத்த படங்கள்

ஜப்பார் பட்டேல் இயக்க மம்முட்டி நடித்த 'டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர்' 2000ஆம் ஆண்டின் படம். நம் சங்கத்துக்கு அதுவும் ஏறத்தாழ ஒரே வயது. அதன் தமிழ் வடிவம் திரையரங்குக்கு வர 2010 ஆயிற்று. அதற்குப் பின் காலம் மாறியது. பா. இரஞ்சித்தின் 'அட்டகத்தி' 2012இலும் 'மெட்ராஸ்' 2014இலும், மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' 2018இலும் வந்தன. நம் தெருவும் நம் வீட்டுச் சுவரில் தொங்கும் அண்ணலின் படமும் திரையில் இயல்பாக இடம் பெற்றன.

இனி விவாதம் எதற்கு என்று கேட்கலாம். நம்மவர் எடுத்த படத்தையும் ஆராயாமல் ஏற்பது பழைய மன்ற மனப்பான்மையே ஆகும். 2021இல் வந்த 'கர்ணன்' படத்தில் காட்டப்பட்ட காலக் குறிப்புப் பற்றிச் சர்ச்சை எழுந்து, அது திருத்தப்பட்டது. 1995இல் கொடியன்குளத்தில் நடந்ததை நினைவூட்டும் படத்தில், ஆண்டு மாறினால் பொறுப்பேற்க வேண்டிய ஆட்சியும் மாறிவிடும் அல்லவா? வரலாற்றில் ஓர் எண் எத்துணை முக்கியம் என்பதை இளைஞர்க்கு விளக்க இதைவிடச் சிறந்த பாடம் இல்லை. அதே ஆண்டு வந்த 'ஜெய் பீம்' 1993ஆம் ஆண்டு நிகழ்ச்சியை அடியொற்றியது. அப்படத்தின் வெற்றி வழக்கறிஞருடையதா, காவல் நிலையத்தின் முன்னும் நீதிமன்றத்தின் முன்னும் தளராமல் நின்ற இருளர் பெண்ணுடையதா? இரு விடைக்கும் இடமுண்டு. பேசித்தான் தெளிய வேண்டும்.

நடத்தும் முறை

நம் பட்டறிவிலிருந்து சில கூறுகிறோம். கூட்டம் மாதந்தோறும் ஒரே நாளில், ஒரே இடத்தில், குறித்த நேரத்தில் நடக்க வேண்டும். வேலைக்குச் செல்லும் பெண்கள் வர இயலும் நேரமே நல்ல நேரம். வட்டமாக அமர்தல் நன்று. மேடையும் பொன்னாடையும் வேண்டா. பொதுவிடத்தில் படம் காட்ட உரிமையாளரின் இசைவு தேவை. ஆவணப்பட இயக்குநர்கள் பலர் கேட்டால் மகிழ்ந்து தருவர். இசைவு கிட்டாதபோது, அனைவரும் முன்பே பார்த்த படத்தையோ, அம்மாதம் வீட்டில் பார்த்த தொடரையோ, செய்தியையோ பற்றிப் பேசலாம். ஒரு மாதச் செய்திகளில் நம் மக்கள் எதற்காக இடம் பெற்றனர், கொலையுண்டபோது மட்டுமா, சாதித்தபோதுமா என்று குறித்து வந்து எண்ணிப் பார்ப்பதே ஒரு கூட்டத்துக்குப் போதும்.

முதலில் பேசுபவர் பட்டதாரியாக இருத்தல் ஆகாது. அவர் பேசினால் மற்றவர் வாய் அடைத்துப்போகும். ஒருவர்க்கு ஐந்து நிமிடம். மூன்று கேள்விகள் எப்போதும் பயன் தரும்: இக்கதையைச் சொல்பவர் யார்? இதில் உழைப்பவர் யார், பேசுபவர் யார்? இது போன்றது நம் ஊரில் நடந்ததுண்டா? ஒருவர் குறிப்பேட்டில் நாளிட்டு எழுத வேண்டும். கூட்டத்தின் முடிவில் வாக்கெடுப்பு இல்லை. கருத்து வேறுபாட்டோடு வீடு திரும்பலாம்.

மூன்றாம் கேள்வியின் பயனை ஒரு கூட்டத்தில் கண்கூடாகக் கண்டோம். அன்று எடுத்துக்கொண்டது சத்யஜித் ராய் 1981இல் தூர்தர்ஷனுக்காக இயக்கிய 'சத்கதி'. பிரேம்சந்தின் கதை, ஒரு மணி நேரத்துக்கும் குறைந்த படம். மகளின் நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்துக் கேட்கப் பார்ப்பனர் வீட்டுக்குப் போன துக்கி, பசியோடு விறகு பிளந்து அங்கேயே இறக்கிறான். அவனுடைய மக்கள் பிணத்தை எடுக்க வர மறுக்கின்றனர். வேறு வழியின்றிப் பார்ப்பனரே பிணத்தைக் கயிறு கட்டி இழுத்துச் செல்கிறார்.

நெடுநேரம் எவரும் பேசவில்லை. பின்பு கடைசியில் அமர்ந்திருந்த பெரியவர் எழுந்தார். செத்த மாட்டைத் தூக்க மாட்டோம் என்று தம் தந்தை காலத்தில் நம் தெரு எடுத்த முடிவையும், அதற்காகக் கடையில் சாமான் மறுக்கப்பட்டதையும், வயல் வழி அடைக்கப்பட்டதையும், பெண்கள் தொலைவிலிருந்து அரிசி சுமந்து வந்ததையும் கூறினார். 1927இல் மகாடில் அண்ணல் விடுத்த அறைகூவல் நம் தெருவரை வந்து சேர்ந்திருந்தது என்பதை இளைஞர்கள் அன்றுதான் அறிந்தனர். அருகில் இருந்த அவருடைய பேரன் கல்லூரியில் வரலாறு படிப்பவன். "தாத்தா, இதை ஏன் எனக்குச் சொல்லவேயில்லை?" என்றான். "நீ கேட்கலையே" என்றார் அவர்.

கல்விச் சங்கத்துக்குச் சினிமா எதற்கு என்று முதலில் கேட்ட பெரியவரும் அவரே.

நம் வரலாறு கல்வெட்டில் இல்லை, செப்பேட்டில் இல்லை. நிலப் பதிவேட்டில் நம் பெயரைத் தேடிக் களைத்தவர் பலர். அது முதியோர் நெஞ்சில் இருக்கிறது. ஆண்டுதோறும் அவர்களோடு மறைந்துகொண்டும் இருக்கிறது. ஒரு படம் அந்நெஞ்சைத் திறக்குமானால், அப்படம் நல்ல படமா தீய படமா என்பதுகூட இரண்டாவது செய்தி. அன்று பேசப்பட்டது குறிப்பேட்டில் இரண்டு பக்கம் இருக்கிறது. அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் அக்குறிப்பேடு பல தொகுதிகளாக வளர வேண்டும்.

இளைஞர்களே, அடுத்த மாதக் கூட்டத்துக்கு வாருங்கள். வரும்போது தாத்தாவையோ பாட்டியையோ கைப்பிடித்து அழைத்து வாருங்கள். அவர்கள் சொல்வார்கள், நீங்கள் கேளுங்கள், நாம் எழுதி வைப்போம்.